கறைபடாத விரல்கள்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. தென்சென்னையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நான் ஒன்றாம் எண் வாக்குப்பதிவு அலுவலர். வாக்காளர் பட்டியல் என் மேஜையில். வந்தவர் பெயரைத் தேடி எடுப்பது, வரிசை எண்ணோடு உரக்க வாசிப்பது, கட்சி ஏஜென்ட்டுகள் தலையாட்டியதும் சிவப்புப் பேனாவால் கோடு போடுவது. காலை ஏழு மணியிலிருந்து இதுதான் வேலை.

கதவை அடைத்த பிறகு பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். முதல் சில தாள்கள் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் சந்துகளும் ஓட்டு வீடுகளும். அந்தத் தாள்கள் சிவந்து கிடந்தன. என் கை வியர்வையில் ஓரமெல்லாம் சுருண்டு, ஒரு இடத்தில் டீ கூடச் சிந்தியிருந்தது. நடுவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பெயர்கள் தொடங்கின. பக்கத்துக்கு முப்பது பெயர், முப்பது சின்னப் புகைப்படம். முப்பதில் பதினொன்றுக்குத்தான் கோடு. அடுத்த தாளில் ஒன்பது. அதற்கடுத்த தாள் மொடமொடவென்று, அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல இருந்தது. படித்த, களையான முகங்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் தமிழாசிரியை. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஔவைதான் நினைவுக்கு வந்தார்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவை. அவன் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். உங்கள் ஆயுதங்கள் அலங்காரமாக, பளபளப்பாக, காவலோடு வீட்டுக்குள் இருக்கின்றன, எங்கள் ஆயுதங்களோ நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு வருகிறார். பாடப்புத்தகத்தில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள், “கிண்டல் பண்றாங்க மிஸ்” என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஔவை சொன்னதில் பொய் கிடையாது. ஆயுதங்கள் அழகாகத்தான் இருந்தன, பராமரிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. நல்லதை நல்லது என்று மனசாரச் சொன்னார். அது எதற்காகச் செய்த பொருள் என்ற கேள்வியைக் கேட்டவன் மனசிலேயே விட்டுவிட்டு வந்தார். போர் மூண்டால் இரு பக்கமும் சாகப்போகிறவர்களை நினைத்து வந்த கிழவி அவர். அவருக்குக் கிண்டல் பண்ண நேரமில்லை.

அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. தொண்டைமானின் நாட்டில்தான் இன்றைய சென்னை இருக்கிறது. நான் தர்மபுரி மாவட்டத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2021இல் மாற்றலாகி இங்கே வந்தவள். அந்த வெள்ளிக்கிழமை தர்மபுரி மக்களவைத் தொகுதியில் 81.20 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மத்திய சென்னையில் 53.96, தென்சென்னையில் 54.17. தமிழ்நாட்டின் முதல் இடம் தகடூருக்கு, கடைசி இடம் தொண்டை நாட்டுச் சென்னைக்கு. ஔவை நடந்த வழியிலேயே நானும் வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் அவர் செய்ததையே செய்கிறேன். அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் உங்களைப் பாராட்டுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூட நான் மனசறிந்து சொல்லாதது இல்லை.

முதலில் உங்கள் கணக்குச் சுத்தம். நான் குடியிருக்கும் கட்டடத்தில் எழுபத்திரண்டு வீடுகள். போன வருஷப் பொதுக்குழுவில் கீழ்த்தொட்டி மோட்டார் பழுது பார்த்த பில் 14,600 ரூபாய் விவாதத்துக்கு வந்தது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினீர்களா, கெபாசிட்டர் மாற்றியதற்குத் தனியாக 850 ரூபாய் போட்டிருக்கிறதே, பழைய கெபாசிட்டர் எங்கே என்று இரண்டாம் மாடி அம்மா கேட்டார். செயலாளர் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தப் பழைய கெபாசிட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தலைப்பகுதி உப்பிப்போய் எண்ணெய் கசிந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். பில் பாஸ் ஆனது. எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. மக்களாட்சியைப் பற்றி நான் வகுப்பில் நடத்துகிற பாடம் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆதாரத்தோடு சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரமும் ஒரு கூட்டம் போட்டார்கள். கோரம் இல்லாததால் ஒத்திவைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர்களாவது வராமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. நல்ல விதி. நாட்டுத் தேர்தலுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் தேர்தல் செல்லும். 2022 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தது. நூற்றில் சுமார் 43 பேர்தான் வந்தார்கள். 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் தேர்வானார்கள். ஆண்டுக்கு நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போடுகிற மாமன்றம் அமைந்தது. நம் கட்டடத்து மோட்டார் கெபாசிட்டரைக் கேட்ட அம்மா அன்றைக்கு வாக்குச்சாவடிக்கு வரவில்லை. அன்று சனிக்கிழமை, வீடு சுத்தம் செய்கிற நாள் என்றார். அவர் மாதிரி ஆட்களால்தான் ஒரு வீட்டுக்கணக்கு நேராக நிற்கிறது. அதனால்தான் அந்தப் பதில் எனக்கு வலித்தது.

அந்தத் தேர்தலே எத்தனை வருஷம் கழித்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. அப்படிப்பட்ட மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை இருபத்துமூன்று வருஷம் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் கையில் இருந்தது. மறுபடி 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 வரை ஐந்து வருஷத்துக்கும் மேல் கவுன்சிலர் இல்லை. அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் 2019இன் வறட்சி வந்தது, கொரோனா வந்தது. தெருவில் கிருமிநாசினி அடிக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் அல்லாடியது இந்த ஊர். அந்த நாட்களிலும் நீங்கள் ஒழுங்கு தவறவில்லை. சொத்து வரியைக் கடைசித் தேதிக்கு முன்னாலேயே கட்டி, ஐந்து சதவீத ஊக்கத்தொகையையும் வாங்கினீர்கள். இந்த ஊரில் வரி கட்டுகிறவர்கள் வரிசையில் முதலில் நிற்கிறவர்கள் நீங்கள்தான். கட்டிய வரி எங்கே போகிறது என்று கேட்க வருகிறவர்கள் வரிசையில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

2022இல் அந்த வரி ஏறியது. தேர்தல் முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சென்னையின் பழைய எல்லைக்குள் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம். இருபது வருஷத்துக்கு மேல் ஏறாத வரி ஏறத்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அன்றைக்கு நம் கட்டட வாட்ஸ்அப் குழுவில் கணக்குப் போட்டவர்களை நான் மறக்க மாட்டேன். ஒருவர் ஒவ்வொரு வீட்டின் சதுர அடிக்கும் பழைய வரி, புது வரி, வித்தியாசம் என்று அட்டவணையே தயாரித்தார். அச்சுப்பிழைகூட இல்லாத அட்டவணை. அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போகலாமா என்று நான் கேட்டேன். குழுவில் பத்து நிமிஷம் யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒருவர் கேட்டார், “நம்ம வார்டுக்குக் கவுன்சிலர் யாருங்க?”

உங்கள் நல்ல மனசைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் தர்மபுரியில் இருந்தேன், என் தங்கை சைதாப்பேட்டையில். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்ட ராத்திரி. அவள் வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. மாடிக்கு ஏறி இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை முன்பின் தெரியாத நாலு பையன்கள் மீனவர் படகில் வந்து அவளையும் மாமியாரையும் இறக்கிக் கொண்டுபோனார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வேறு யாரோ சாம்பார் சாதம் கொடுத்தார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாக்கடைத் தண்ணீரில் நடந்து பால் பாக்கெட் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் இந்த ஊர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து நாடே கையெடுத்துக் கும்பிட்டது. நானும்தான். என் தங்கை உயிரோடு இருப்பது உங்களால்.

அந்த வெள்ளம் மனிதத் தவறால் வந்தது என்று பிறகு மத்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கையே சொன்னது. ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டியிலும் சிறு பட்டறைக்காரர்களின் இயந்திரங்கள் சேற்றில் மூழ்கின. கடன் வாங்கி மெஷின் போட்டவர் மெஷினையும் இழந்து, கடனையும் கட்டி, கடைசியில் பட்டறையை மூடிவிட்டு இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போன கதைகள் அந்தத் தெருக்களில் உண்டு. பொருளாதார வீழ்ச்சி என்று பத்திரிகையில் படிப்பது தெருவில் இந்த மாதிரித்தான் வருகிறது, ஒவ்வொரு ஷட்டராக இறங்கி.

வெள்ளம் வடிந்து ஐந்தரை மாதத்தில், 2016 மே 16 அன்று, சட்டமன்றத் தேர்தல். மாநிலம் முழுக்க நூற்றுக்குச் சுமார் 74 பேர் வாக்களித்தார்கள். சென்னையில் சுமார் 60. படகில் வந்த கைகளில் எத்தனை அன்றைக்கு வரவில்லை என்று என்னால் எண்ண முடியாது. வராதவர்கள் இருந்தார்கள்.

இது ஒரு தடவை நடந்த மறதியென்று நினைத்து என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். இந்தத் தடவை நானும் இங்கே. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் பரந்து கிடந்த பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிப்போனதும், குப்பைக் கிடங்கும் சாலையும் கட்டடமும் அதைத் தின்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் இல்லாமல், கரண்ட் இல்லாமல், குடிதண்ணீரைப் படியேற்றிச் சுமந்தோம். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் வைக்க ஐஸ் தேடி இரண்டு இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் போய்வந்தார்கள். மறுபடியும் அதே நல்ல மனசு. அதிலிருந்து நாலரை மாதத்தில் 2024 ஏப்ரல் 19 வந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் சுமார் 57 சதவீதம் பதிவாகியிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வந்த தேர்தலில் அது 54ஆக இறங்கியது. வெள்ளிக்கிழமையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்த விடுமுறை அது. முதல் நாள் ராத்திரி எங்கள் கட்டடத்திலிருந்து ஏழு கார்கள் கிளம்பின. ஏற்காடு, புதுச்சேரி, கொடைக்கானல்.

மறுபடி என் பட்டியல் தாளுக்கு வருகிறேன். வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிகிற ஒரு எளிய கணக்கு உண்டு. நூறு பேரில் எண்பத்தொரு பேர் வந்தால், இரண்டு பேர் போட்டியில் ஜெயிக்க நாற்பத்தொன்று வேண்டும். ஐம்பத்துநாலு பேர் வந்தால் இருபத்தெட்டு போதும். ஓட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால்தான் ரத்தானது, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அப்படித்தான் நின்றது. ஆனால் காசு கொடுக்கிறவன் எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது வீட்டில் இருந்துவிட்டவர்கள். வராத ஒவ்வொருவரும் அவன் செலவைக் குறைக்கிறார். குறைந்த செலவில் பதவிக்கு வந்தவனும் அதை வட்டியோடுதான் எடுக்கிறான், கால்வாய் காண்ட்ராக்டிலும் மணலிலும்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்பீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அன்று இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்த தொகுதி. எங்கள் கட்டடத்தில் மட்டும் நூற்றெண்பது பேருக்கு ஓட்டு இருக்கிறது.

இப்போது தகடூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் எதை நினைத்து இதை எழுதுகிறேன் என்பது புரியும்.

நான் வேலைக்குப் போன முதல் வருஷம், வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். பல் தேய்க்காததால் என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அது ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் கலந்திருக்கிற உப்பு, பல்லைக் கறையாக்கி, வயதானால் எலும்பையும் வளைத்துவிடும். பக்கத்திலேயே காவிரி ஓடுகிறது, குடித்தது விஷம். இந்த மக்கள் ஒவ்வொரு தேர்தலிலும் ஒகேனக்கல் தண்ணீர் கேட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த எந்தக் கட்சிக்காரனும் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் ஊருக்குள்ளிருந்து வெளியே போக முடியாது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் திட்டம் தொடங்கியது. சுமார் 1,900 கோடி ரூபாய், ஜப்பான் கடன். ஓட்டுப் போட்டதால் மட்டுமே அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பல பேர் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் கேட்டவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு ஐந்து வருஷமும் எண்ணிப் பார்த்த அரசியல்வாதி பயந்தான் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

சென்னையில் தண்ணீர் தீர்ந்தது 2019 ஜூனில். ஏப்ரல் 18 தேர்தலுக்கு இரண்டே மாதம் கழித்து. ஹோட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. நீங்கள் அப்போதும் பொறுமை இழக்கவில்லை. லாரித் தண்ணீருக்குச் சொன்ன விலையைக் கொடுத்தீர்கள். இன்றும் எங்கள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் பெரிய பங்கு. கரண்டுக்கு இன்வெர்ட்டர், பள்ளிக்குத் தனியார், ஆஸ்பத்திரிக்குத் தனியார், காவலுக்கு கேட்டில் செக்யூரிட்டி. வரியாக ஒருமுறை, பில்லாக ஒருமுறை என்று எல்லாவற்றுக்கும் இருமுறை கொடுக்கிறீர்கள். வாய்விட்டு முணுமுணுப்பதில்லை. இத்தனை சுமையையும் உழைத்து, சம்பாதித்து, கௌரவமாகத் தூக்குகிற உங்கள் தோளை நான் மதிக்கிறேன். அந்தத் தோள் எப்போது வலிக்கிறது என்று உங்கள் வேட்பாளருக்கு மட்டும் இதுவரை தெரிந்ததில்லை.

2021 ஏப்ரல் 6. தர்மபுரியில் என் கடைசித் தேர்தல் பணி. கொரோனா காலம். வருகிறவர் நெற்றியில் வெப்பமானி காட்டி, கையில் சானிடைசர் ஊற்றி, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்துத்தான் உள்ளே விடுவோம். அந்தத் தடவை நான் மை வைக்கிற இடத்தில் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணி, வெயில் சுட்டெரிக்கிறது. எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாக்காளர் அட்டையை இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுத்தார். வெற்றிலைக் காம்பும் சில்லறையும் உரசி உரசி அதில் முகம் அழிந்துபோய், ஒரு மூக்குத்திப் புள்ளி மட்டும் தெரிந்தது. அட்டை நடுவில் ஒடிந்து, நூலால் தைத்திருந்தார்கள். கையை நீட்டினார். களையெடுத்து நகம் தேய்ந்த விரல்.

“கண்ணு, நல்லா அழுத்தி வையி. போன தடவ பத்து நாள்ல போயிருச்சு.”

நகமே இல்லாத இடத்தில் மை எங்கே தங்கும். தோலோடு சேர்த்துப் பட்டையாக வைத்துவிட்டேன். காயும்வரை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். அந்தத் தேர்தலில் அதே மாவட்டத்துப் பாலக்கோட்டில் 87.33 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். வேளச்சேரியில் 55.95. பட்டறையில் கிடந்த ஒடிந்த வேல் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை கேட்டாலும் எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வரும்.

அதே மாவட்டத்தில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது சாலை இல்லாத ஊர். தேர்தல் பணிக்குப் போன சக ஆசிரியர்கள் காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்கள். ஏழைகள் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வாங்குகிறவர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். திருப்பூரிலும் பெங்களூரிலும் கட்டட வேலை பார்க்கிறவர் ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்து போடுகிற ஓட்டை அந்த ஒரு வார்த்தையில் அடைத்துவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். நகரத்துப் பட்டியலில் வீடு மாறிப்போனவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் அப்போது அதிகம். சதவீதம் கொஞ்சம் குறைவாகத் தெரிய அதுவும் காரணம். நான் புரட்டிய தாளில் கோடு விழாத முகங்களில் சிலர் அந்த ஊரிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். சிலருக்கு ஓட்டு சொந்த ஊரில். மருத்துவமனையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்களும் இருப்பார்கள். எவருமே சரியில்லை என்பவர்களுக்கு 2013இலிருந்து நோட்டா பட்டன் இருக்கிறது. புறக்கணிப்பு என்பது வேறு. 2024இல் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஊரே கூடிப் பேசி, காரணத்தை ஊரறியச் சொல்லி எடுத்த முடிவு அது. அந்த ஊரின் வெற்றுத் தாள் ஒரு மனு. நான் புரட்டிய வெற்றுத் தாளில் எந்தக் கோரிக்கையும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கெபாசிட்டரைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். கறைபடாத கை என்று இந்தக் கட்டடமே அவரைச் சொல்லும். முப்பத்தைந்து வருஷம் பிறர் பணத்தை எண்ணியவர், ஒரு ரூபாய் பிசகியதில்லை. 2024 தேர்தல் முடிந்த மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது அவர் விரலும் கறைபடாமல்தான் இருந்தது. “யாருக்குப் போட்டு என்ன டீச்சர் ஆகப்போகுது” என்றார். எரிச்சலோடு சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அவரைப் போன்ற ஒருவர் களைத்துப்போகும் அளவுக்கு இந்த அரசியல் அவரை ஏமாற்றியிருக்கிறது என்பதும் உண்மை. எனக்குப் பதில் வரவில்லை. நாலாம் மாடி வந்து அவர் இறங்கிப் போய்விட்டார்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்தது. படிவம் கொடுக்காவிட்டால் பெயர் போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 2002, 2005ஆம் வருஷத்துப் பழைய பட்டியலில் தன் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அந்த ஒரு மாதம் செயலாளர் உழைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கீழே செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பழைய தொகுதி எண், பாக எண், வரிசை எண் தேடிக் கொடுத்தார். திருநெல்வேலியில் செத்துப்போன ஒரு தாத்தாவின் பெயரை மூன்று ராத்திரி தேடிக் கண்டுபிடித்து, பேத்தியின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். சென்னையில் லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டபோது எங்கள் கட்டடத்தில் இருக்கிறவர் பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை. அட்டைகளையெல்லாம் உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரி நிறுத்தியதுபோல எங்கள் பட்டியல் சுத்தமாக நின்றது.

வரைவுப் பட்டியல் வந்த அன்றைக்கு அவர் என் வீட்டுக்கதவைத் தட்டினார். கையில் பிரிண்ட் எடுத்த தாள்கள். “எல்லாம் சரியா இருக்கு டீச்சர், ஒருதரம் பாத்துடுங்க” என்று நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு முப்பது பெயர், மொடமொடவென்று காகிதம். அவர் பெயர் இரண்டாவது தாளில், மேலிருந்து நாலாவது.

“சார், தேர்தலன்னிக்கு எனக்கு வேற எங்கயாவது டியூட்டி போட்டுருவாங்க. நம்ம ஸ்கூல்ல வேற ஒரு டீச்சர் இந்தத் தாளை வச்சுக்கிட்டுக் காலையில ஏழு மணியிலேருந்து உக்காந்திருப்பாங்க” என்றேன். “சிவப்புப் பேனா வச்சிருப்பாங்க.”

அவர் தாள்களைத் திருப்பி வாங்கி, தன் பெயர் இருக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.